அயல் மண்ணில் உருவான அயர்லாந்து

வந்தவாசி என்றவுடன் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோரைப் பாய். சரித்திரம் படித்தவர்களுக்கு, 1760-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் அங்கு நடந்த போரும் நினைவுக்கு வரும். தென்னிந்தியாவில் மேலாண்மை பிரெஞ்சுக்காரருக்கா, ஆங்கிலேயருக்கா என்பதை ஏறக்குறைய முடிவு செய்த போர் அது. ஆங்கிலேயர் படையை நடத்தியவர் ஐர் கூட். பிரெஞ்சுப் படையை நடத்தியவர் லாலி. பள்ளிப் புத்தகங்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கூட் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. அயர்லாந்தின் லிமெரிக் கோட்டத்தில். அவர் அங்குக் குடியேறி நிலம் பெற்ற ஆங்கிலக் குடும்பத்தின் வழிவந்தவர். லாலி பிரான்சில் பிறந்தவராயினும், அவருடைய தந்தையார் அயர்லாந்தின் கால்வே கோட்டத்திலிருந்து நிலமிழந்து நாடு நீங்கிய கத்தோலிக்கர். லாலியின் பெயரைத் தாங்கிய ஐரிஷ் ரெஜிமெண்டு ஒன்றும் அன்று பிரெஞ்சு அணியில் நின்றது. ஆக, தமிழ் மண்ணில், இரு அயல் மன்னர்களின் பொருட்டு, அயர்லாந்தை வேராகக் கொண்ட இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றனர். வென்றவர் புகழும் செல்வமும் எய்தினார். தோற்றவர் 1766-இல் பாரிஸ் நகரில் தலை வெட்டுண்டு மாண்டார்.

அந்தப் போர் நடந்து 160 ஆண்டுகள் கழிந்தபின், 1920 ஜூன் இறுதியில், ஜலந்தரில் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் என்னும் ஐரிஷ் ரெஜிமெண்டின் சிப்பாய்கள் சிலர், பிரிட்டிஷ் அரசருக்கு இனிப் பணி செய்யமாட்டோம் என்று கூறி ஆயுதங்களைக் கீழே வைத்தனர். சம்பளமோ சாப்பாடோ அவர்களுடைய குறையன்று. அயர்லாந்தில் அரசாங்கம் ஏவிய துணைப் போலீசார் கிராமங்களில் நடத்திய கொடுமைகளைப் பற்றிய செய்திகள் பஞ்சாபுப் பாசறைக்கு எட்டியிருந்தன. கிளர்ச்சி, சிம்லா செல்லும் வழியிலுள்ள சோலனுக்கும் பரவிற்று. அங்கு ஆயுதக் கிடங்கை நோக்கிச் சென்றவர்களில் இருவர் சுடப்பட்டு இறந்தனர். தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி என்னும் இளைஞரை அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் டக்ஷாய்ச் சிறையில் நிறுத்திச் சுட்டனர். தில்லியிலும் பஞ்சாபிலும் வாழும் நம்மவர் கல்காவிலிருந்து சிறிய ரயிலில் மலை ஏறும்போது தர்மபூர் நிலையத்தைக் கடப்பார்கள். டக்ஷாய் அதற்கு அருகில்தான் உள்ளது. 1970-ஆம் ஆண்டில் டேலியின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு அயர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன.

யாருக்காகவோ வாளெடுத்த மக்கள், பிறருக்காக வாளெடுக்கமாட்டோம் என்று மறுத்துக் கூறும் நிலையை எவ்வாறு அடைந்தனர்? இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு நேர்ந்தது என்ன? இதற்கு விடை தேடிப் புகுவோர் அயர்லாந்தின் வரலாற்றை மட்டும் படித்தால் போதாது. நியூயார்க், சிகாகோ, கனடாவின் ஆற்றுத் தீவு ஒன்று ஆகியவற்றின் வரலாற்றையும் சேர்த்தே படித்தல் வேண்டும். ஏனெனில், ‘நாம் ஐரிஷ் மக்கள்’ என்னும் உணர்ச்சியில் பாதி, அயர்லாந்துக்கு வெளியேதான் வளர்ந்தது.

முதலில் வெளியேறியவர்கள் போர் வீரர்களே. 1691-இல் லிமெரிக் உடன்படிக்கை கையெழுத்தானபின் சுமார் 14,000 வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினர். ‘காட்டு வாத்துகள்’ என்று மக்கள் இவர்களை அழைத்தனர். பின்வந்த சட்டங்கள் கத்தோலிக்கரை நிலத்திலிருந்தும் பதவியிலிருந்தும் விலக்கி வைத்தமையால், பிரான்சு, ஸ்பெயின், ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் சேனைகளில் ஐரிஷ் பெயர்கள் பெருகின. லாலியின் குடும்பம் இவ்வகையைச் சேர்ந்தது. எனினும் இவர்கள் தொகையிற் சிலரே. கிராமம் கிராமமாக மக்கள் பெயர்ந்தது பசியினால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் ஏழைக் குடியானவன் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்தான். நமக்கு உருளைக்கிழங்கு என்பது கறி. அவனுக்கோ அதுவே சோறு. உழைக்கும் ஆண்மகன் ஒருவன் நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல் உண்டான் என்று கணக்கிட்டிருக்கின்றனர். துண்டு நிலத்தில் விளைந்த கிழங்கு வீட்டாரின் வயிற்றுக்கு. மற்ற நிலத்தில் விளைந்த தானியமும் வளர்த்த பன்றியும் நிலச்சொந்தக்காரரின் குத்தகைக்கு. இவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிய வாழ்வை, 1845-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்த ஒரு பயிர் நோய் அறுத்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பூசணம் போன்ற ஒரு கிருமி அது. இலை கறுத்தது; மண்ணுக்குள் கிழங்கு அழுகி நாறியது. முதல் ஆண்டு ஒரு பகுதி விளைச்சல் போயிற்று. 1846-இல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. 1852 வரை துன்பம் நீடித்தது. பசியைக் காட்டிலும் காய்ச்சலும் பேதியும் மிகுதியான உயிர்களைக் கொண்டுபோயின.

1841-இல் எடுத்த கணக்கின்படி அத்தீவின் ஜனத்தொகை சுமார் 81 லட்சத்து 75 ஆயிரம். 1851-இல் அது 65 லட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். இன்றும், வடக்கையும் தெற்கையும் சேர்த்து எண்ணினால், 2021, 2022 ஆண்டுகளின் கணக்குப்படி அத்தீவில் வாழ்வோர் 70 லட்சத்துக்குச் சற்றே அதிகம். இவ்வளவு காலம் சென்றும் 1841-இன் நிலைக்கு மீளாத தேசம் ஐரோப்பாவில் வேறு இல்லை எனலாம்.

பஞ்ச நாட்களிலும் தானியமும் கால்நடையும் துறைமுகங்கள் வழியே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்பது அன்று லண்டனில் வேதவாக்கு. நிவாரணப் பணத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தவர் கருவூல உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். அதே டிரெவெலியன்தான் 1859-இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தவர். சென்னையில் வரி விஷயமாக மேலிடத்தை எதிர்த்துப் பேசி அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். அந்த வகையில் நம் பக்கத்தில் அவருக்குச் சற்று நல்ல பெயர் உண்டு. அயர்லாந்தில் அப்பெயர் சாபச் சொல். ஒரே மனிதர் இரண்டு கடற்கரைகளில் இருவேறு முகத்துடன் நினைக்கப்படுவது சரித்திரத்தில் அரிதன்று.

1847-இல் கனடாவின் கியூபெக் நகருக்குச் சற்றுக் கீழே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உள்ள குரோஸ் ஈல் என்னும் தீவில், கப்பல்களை நிறுத்தி நோயாளிகளைப் பிரித்தனர். மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்புகையில் மனிதரை ஏற்றி வந்தன. அடித்தட்டில் காய்ச்சல் பரவியது. அவ்வோர் ஆண்டில் மட்டும் 5,000-க்கு மேற்பட்டோர் அத்தீவில் புதைக்கப்பட்டனர். 1909-இல் அங்கு ஒரு பெருங்கற்சிலுவையை எழுப்பி ஐரிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கல்வெட்டுப் பொறித்தனர். மொழிபெயர்ப்பே நம் அன்றாடத் தொழிலாதலால், இக்கல்வெட்டைப் பற்றி அறிந்தபோது நமக்கு உண்டான வியப்பைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஆங்கிலப் பகுதி, தம் சமய நம்பிக்கையைக் காக்கும்பொருட்டுப் பசியும் பிரிவும் பொறுத்து இங்கு மாண்டவர் என்று அடக்கமாகக் கூறுகிறது. ஐரிஷ் பகுதியோ, அந்நியக் கொடுங்கோலரின் சட்டங்களுக்கும் மனிதர் உண்டாக்கிய பஞ்சத்துக்கும் தப்பி ஓடிவந்தவர் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஒரே கல், மொழி மாறப் பொருளும் மாறுகிறது. அலுவலகத்தில் நாம் இவ்வாறு மொழிபெயர்த்தால் கோப்பு திரும்பி வந்துவிடும். ஆனால் அக்கல்லை நாட்டியவர் அறிந்தே செய்தனர்: ஊராருக்கு முன் சொல்வது ஒன்று, உறவினருக்குள் சொல்வது மற்றொன்று.

பஞ்சம் முடிந்தும் பயணம் முடியவில்லை. அது குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. பயணத்துக்கு முந்தின இரவு, உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடி, இறந்தவர் வீட்டில் விழித்திருப்பதுபோல் விடியும்வரை விழித்திருப்பர். ஆட்டமும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. போகிறவரை மீண்டும் காணப்போவதில்லை என்பது இரு சாராருக்கும் தெரியும். மற்ற ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் ஆடவரே முன்சென்றனர். அயர்லாந்திலோ நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள்; அவர்களிலும் மணமாகாத இளம் பெண்களே மிகுதி. பாஸ்டன், நியூயார்க் நகர்களின் செல்வர் வீடுகளில் பணிப்பெண்ணாக அமர்ந்து, கூலியை மிச்சப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்பணத்தில் குத்தகை பாக்கி தீரும். அடுத்த தங்கைக்குக் கப்பல் சீட்டும் வரும். அவள் சென்று மற்றொருத்தியை அழைப்பாள். 1892 ஜனவரி முதல் நாள் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது முதலாவதாகப் பதிவானவள், தம்பியர் இருவரை உடன் அழைத்து வந்த கார்க் கோட்டத்துப் பெண் ஆனி மூர். 1890-ஆம் ஆண்டளவில், அயர்லாந்தில் பிறந்தவர் ஐவரில் இருவர் அயர்லாந்துக்கு வெளியே வாழ்ந்தனர்.

இந்தக் கப்பல்தான் அவர்களுடைய மொழியையும் கொண்டுபோயிற்று. 1851-இல் ஐரிஷ் பேசியோர் 15 லட்சத்துக்கு மேல். பஞ்சம் அதிகமாக வாட்டியது மேற்கிலும் தெற்கிலும் வாழ்ந்த இவர்களையே. 1831-இல் தொடங்கிய அரசாங்கப் பள்ளிகளில் போதனை ஆங்கிலத்தில். சிறுவன் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிட்டு, அவன் ஐரிஷ் சொல் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுக்களை எண்ணித் தண்டிக்கும் வழக்கம் இருந்தது. அக்கோலைக் கட்டியவர் ஆசிரியர் மட்டும் அல்லர். பெற்றோரும் அதற்கு உடன்பட்டனர். மகள் பாஸ்டனில் வேலைக்கு அமரவேண்டுமானால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஐரிஷ் பேசினால் அவளுக்கு என்ன கிடைக்கும்? ஆட்சியாளரைக் குறைகூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அடுப்படியில் தம் மக்களிடம் தமக்கே அரைகுறையாக வந்த ஆங்கிலத்தில் பேச முயன்ற தாய்தந்தையரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்பினாலேயே அவர்கள் அதைச் செய்தனர்.

இனி, அக்கரையில் நிகழ்ந்ததைக் காண்போம். ஊரில் இருந்தவரை ஒருவன் கெர்ரிக் கோட்டத்தான், அல்லது மேயோக் கோட்டத்தான். அடுத்த கோட்டத்துப் பேச்சைக் கேட்டு நகைப்பான். அங்குப் பெண் கொள்ளவும் தயங்குவான். நியூயார்க்கின் நெருக்கமான குடியிருப்பில் இறங்கியபின் அவனை யாரும் மேயோக்காரன் என்று அழைக்கவில்லை. எல்லோரும் ஐரிஷ்காரன் என்றே அழைத்தனர், அதுவும் பெரும்பாலும் இகழ்ச்சியாக. திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து கரோல்பாக்கிலோ மாதுங்காவிலோ ஒரே தெருவில் குடியிருந்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இகழப்பட்டவர் எல்லோரும் இரக்கமுள்ளவர் ஆகிவிடுவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில், கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலகத்தில் ஐரிஷ் தொழிலாளர் பெருந்தொகையினர் இருந்தனர். அவர்கள் தம்மினும் எளியவரான கறுப்பு மக்களைத் தேடிப்பிடித்துக் கொன்றனர். அநாதைக் குழந்தைகளின் இல்லம் ஒன்றுக்கும் தீயிட்டனர். ஐரிஷ் வரலாற்று நூல்களில் சில இதை விரைவாகக் கடந்து செல்கின்றன. கடக்கலாகாது என்பது நம் கருத்து.

அதே நியூயார்க்குக்கு அருகில், புரூக்ளினில், கால்வே கோட்டத்திலிருந்து வந்த மீஹால் ஓ லோஹான் என்னும் பள்ளி ஆசிரியர் வாழ்ந்தார். ஊரில் ஐரிஷ் மொழி நாளுக்கு நாள் சுருங்கி வருவதைக் கண்டு, 1872-இலிருந்து ஐரிஷ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதங்கள் எழுதினார். மொழியைக் கற்பிக்க வகுப்புகள் வேண்டும் என்றார். தாமே வகுப்பும் நடத்தினார். 1881-இல் ‘அன் கேல்’ என்னும் மாதப் பத்திரிகையை ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் தொடங்கினார். அயர்லாந்திலேயே இத்தகைய மொழிப் பத்திரிகை தோன்றியது அதற்கு அடுத்த ஆண்டுதான். கையெழுத்துச் சுவடிகளில் கிடந்த பாட்டுகளும், குடியேறியோர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளும் அதில் அச்சேறின. பகலெல்லாம் வேலை செய்து மாலையில் வகுப்புக்கு வந்தவர்களுள் பலர், வீட்டில் பேசிய மொழியை எழுத்தில் முதன்முதலாகக் கண்டது அங்குதான். 1893-இல் டப்ளினில் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் கேலிக் சங்கத்தை நிறுவியபோது, விளக்கில் எண்ணெய் வற்றாமல் வைத்திருந்தவர் சிலர் கடலுக்கு அப்பால் முன்பே இருந்தனர். 1905-இல் ஹைடு அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசி மொழிக்கு நிதி திரட்டினார். 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் அழித்தபோது, திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை அந்நகருக்கே திருப்பி அளித்தார். அவரே பின்னர், 1938-இல், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். ஓ லோஹான் இவற்றைக் காணவில்லை; 1899-இல் புரூக்ளினில் காலமானார்.

மொழியினும் இசை எளிதாகப் பயணம் செய்யும். பிரான்சிஸ் ஓநீல் 1848-இல் கார்க் கோட்டத்தின் டிராலிபேன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே கடலோடியாகப் புறப்பட்டு, பசிபிக் கடலில் கப்பல் உடைந்து தப்பி, கடைசியில் சிகாகோ வந்து, 1873-இல் போலீசில் சேர்ந்தார். திருடன் சுட்ட குண்டு ஒன்று கடைசிவரை அவருடைய உடலிலேயே இருந்தது. 1901-இல் அந்நகரப் போலீசுக்குத் தலைவரானார். அவர் சிறுவயதில் தம் ஊரில் கேட்ட பாட்டுகள் தம் ஊர்ப் பாட்டுகள் மட்டுமே. சிகாகோவிலோ கிளேர், ஸ்லைகோ, கெர்ரி எனப் பல கோட்டத்தாரும் ஒரே நகரில், ஏன், ஒரே காவல் நிலையத்தில் இருந்தனர்! இசை தெரிந்தவருக்கு ஓநீலின் படையில் இடம் கிடைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஓநீல் குழல் வாசிப்பார். ஆயின் இசையைக் குறியீட்டில் எழுதும் பயிற்சி அவருக்குப் போதவில்லை. அயர்லாந்தின் வட பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓநீல் என்னும் மற்றொரு போலீஸ்காரருக்கு அக்கலை வந்தது. இவர் வாசிக்க அவர் எழுதுவார். ஒருவர் தெற்கு, ஒருவர் வடக்கு. பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர். ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். இவ்விருவர் உழைப்பால் 1903-இல் 1,850 மெட்டுகள் அடங்கிய பெருந்தொகுதி வெளிவந்தது. 1907-இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட நூல் வெளிவந்தது. பின்னது அயர்லாந்துக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள இசைவாணரிடையே வெறுமனே ‘புத்தகம்’ என்றே வழங்கலாயிற்று.

வேறு பல நாடுகளிலும் இவர்கள் பரவினர். அர்ஜென்டீனாவின் கடற்படையை உருவாக்கிய வில்லியம் பிரவுன் மேயோக் கோட்டத்தவர். விடுதலைப் போரில் முன்னின்ற டி வலேரா பிறந்ததே நியூயார்க்கில். நம் நாட்டுத் தொடர்பை மறத்தலும் ஆகாது. ரோஸ்காமன் கோட்டத்தில் பிறந்த மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றத் துணை நின்றார். 1919-இல் மதனப்பள்ளியில் ‘ஜன கண மன’ பாடலின் மெட்டு தாகூர் பாடக் கேட்டுக் குறியீட்டில் எழுதப்பட்டபோது உடனிருந்து உதவியவர் அவரே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல்லும், ஸ்காத்லாந்துப் பெற்றோருக்கு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கோட்டத்தில் பிறந்தவர்தான்.

1937-இல் வகுத்த அரசியல் சட்டம் ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கிற்று. பள்ளிகளில் அது கட்டாயப் பாடம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் சுமார் 72,000 பேர். சட்டம் செய்யக்கூடியதும் செய்யமுடியாததும் இவ்விரண்டு எண்களுக்கிடையே உள்ளன. லட்சக்கணக்கானோர் கப்பலேறிய துறைமுகத்தின் பெயரே இதற்கு ஒரு வேடிக்கையான சான்று. ‘கோவ்’ என்பது சிறு குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1849-இல் விக்டோரியா அரசியின் வருகையை முன்னிட்டு அவ்வூருக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயரிட்டனர். விடுதலை வந்த நாட்களில் அப்பெயரை நீக்கி, பழைய ‘கோவ்’ என்பதையே ஐரிஷ் எழுத்து முறையில் எழுதிவைத்தனர். ஆங்கிலச் சொல்லுக்கு ஐரிஷ் உடை. ஐரிஷ் மொழியில் அதற்குப் பொருள் இல்லை. தூத்துக்குடியை ‘டூட்டிகோரின்’ ஆக்கிப் பார்த்த நமக்கு இதன் எதிர்த்திசை விநோதமாகவே தோன்றுகிறது.

மைக்கேல் கோல்மன் 1891-இல் ஸ்லைகோக் கோட்டத்தின் கில்லாவில் என்னும் ஊரில் பிறந்தவர், பிடில் வாசிப்பவர். 1914-இல் அமெரிக்கா சென்றார். 1920-களில் நியூயார்க்கில் அவருடைய வாசிப்பு கிராமபோன் தட்டுகளில் பதிவாயிற்று. அத்தட்டுகளை வாங்கிய உறவினர், டாலர் நோட்டுகளோடும் கடிதங்களோடும் அவற்றை ஊருக்கு அனுப்பினர். சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், ஊரே கூடிற்று. இளைஞர் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, வில் எங்கே திரும்புகிறது, விரல் எங்கே நடுங்குகிறது என்று செவியாலேயே பிடித்துப் பயின்றனர். பிற கோட்டங்களிலும் பலர் தம் ஊர்ப் பாணியை விட்டு ஸ்லைகோப் பாணியைக் கற்றனர். அதனால் சில பழைய பாணிகள் மங்கின என்று வருந்துவோரும் உண்டு. கோல்மன் 1945-இல் நியூயார்க்கில் காலமானார். தட்டுகள் தேயும்வரை அவ்வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன.